மழலை முகமும் நிழற்படமும்

தமிழ்ப் புலவர்கள் குழந்தையைத் தொலைவில் நின்று பாடியதில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைந்து பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். செங்கீரைப் பருவத்தில் தவழும் பிள்ளை தலை நிமிர்த்தி முகம் அசைக்கிறது; சப்பாணியில் பிஞ்சுக் கைகள் கொட்டுகின்றன; முத்தப் பருவத்திலோ கேட்பவருக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு சாண் தொலைவும் இல்லை. புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பி நாடாண்ட மன்னன். எனினும் அவன் கண் அரியணையின் உயரத்திலிருந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. உண்கலத்தின் அருகே, நெய்ச்சோற்றை மேனியெங்கும் அப்பிக்கொள்ளும் சிறு கையின் மட்டத்திலிருந்து பார்க்கிறது. நபிகள் நாயகம் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்கள் உருவம் தீட்டுதலை ஏலாத மரபில் நின்றவர்கள். அவர்களும் குழந்தையை அருகிருந்து காணும் அந்த அன்பினைக் கைவிட்டாரல்லர்.

இத்துணை நெருங்கிப் பார்க்கக் கற்ற நாம், கையில் கேமரா வந்ததும் பத்தடி பின்னே சென்று நின்றது ஏன் என்பதே என் வினா.

எந்த வீட்டு ஆல்பத்தையும் எடுத்துப் புரட்டுங்கள். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என்று பக்கங்கள் நகரும். குழந்தை இருக்கும், குழந்தையின் முகம் இராது. முப்பது பேருக்கு நடுவே யாரோ ஒருவர் மடியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரியும். அன்றேல், ஸ்டுடியோவில் வண்ணம் தீட்டிய திரைச்சீலையின் முன், நாற்காலி மேல் நிறுத்தப்பட்டு, பிளாஸ்டிக் பூங்கொத்தின் பக்கத்தில் அச்சத்தோடு விழிக்கும் ஓர் உருவம் தெரியும். தலை முதல் கால் வரை முழுதும் பதிந்திருக்கும். படத்தில் கால் வெட்டுப்பட்டால் ஆகாது என்று எங்கள் பாட்டியார் சொல்வார். காலைக் காப்பாற்றப் போய் முகத்தை இழந்தோம்.

என் வீட்டுச் செய்தி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பிழையாகாது என நம்புகிறேன். திருக்கோவிலூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1972இல் எங்கள் சிற்றப்பா திருமணத்தில் ஒரு குடும்பப் படம் எடுத்தனர். என் தங்கைக்கு அப்போது இரண்டு வயது. அன்னையின் மடியில் இருந்தாள். படம்பிடிப்பவர் விரல் அசைத்த நொடியில் பந்தலுக்கு வெளியே ஏதோ ஓர் ஆடு கத்தியிருக்கிறது. அவள் திரும்பிவிட்டாள். மறு ஆண்டுக் கோடையில் தட்டம்மை அவளைக் கொண்டு சென்றது. (தட்டம்மைக்கான ஊசி நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தின்வழி நம் ஊர்களுக்கு வரத் தொடங்கியது 1985இல்.) அவளுக்கென எங்களிடம் எஞ்சியது அந்த ஒரு படம், அதில் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு மங்கல்.

பல ஆண்டுகள் கழித்து, அதைப் பெரிதாக்கித் தருமாறு தந்தையார் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். பெரிதாக்கியபோது மங்கலே பெரிதாயிற்று. தொழில் தெரிந்த ஓவியர் ஒருவர் இரக்கத்தோடு அதில் கண்ணும் இதழும் எழுதிக் கொடுத்தார். அழகான முகந்தான். அன்னையார் அதை வாங்கிப் பார்த்து, “இது யார் வீட்டுப் பிள்ளையோ, நம்ம பிள்ளை இல்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழியைக் கருவியின் மேல் போடலாம். ஓரளவு போடத்தான் வேண்டும். அன்று நடுத்தரக் குடும்பங்களிடம் இருந்தது பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ சுருளைச் சிக்கனமாகச் செலவிட்ட காலம் அது. அந்த ஆலையும் பின்னர் மூடப்பட்டுவிட்டது. அவ்வகைப் பெட்டிகளில் குவியத்தை மாற்ற வழியில்லை. நெருங்கிச் சென்றால் முகம் தெளியாது. நல்ல வெயில் இல்லையேல் படமே இல்லை. ஆகவே பிள்ளையை நண்பகல் முற்றத்தில் நிறுத்திக் கண் கூசவைத்தார்கள். ஆயினும் ஸ்டுடியோக்களில் இருந்த பெரிய கேமராக்களுக்கு இத்தடை ஏது? அங்கும் முகத்தை நெருங்கவில்லை எனில், குறை கருவியில் மட்டும் இல்லை, பார்வையிலும் இருந்தது.

நெருங்கிப் பார்ப்பதைத் துணிந்து செய்த ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. இலங்கையின் கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தங்களில் பெயர் நிலைத்த சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனின் மனைவி. நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசளித்த கேமரா ஒன்றைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். 1864இல் அவர் எடுத்த ஆனி என்னும் சிறுமியின் முகப்படமே தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். வீட்டுப் பிள்ளைகள், உறவினர், பணிப்பெண்கள் என்று அருகில் இருந்தோரையெல்லாம் சட்டம் முழுதும் முகமே நிறையும்படி எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஒளி பதிய நெடுநேரம் அசையாதிருக்க வேண்டிய காலம் அது. படங்களில் சற்றே மங்கல் இருந்தது. வல்லுநர்கள் அதைப் பிழை என்று ஏசினர். இன்று அந்த முகங்களை உலகம் போற்றுகிறது. 1875இல் கணவரோடு இலங்கைக்குப் பெயர்ந்த அவர் 1879இல் அங்கேயே மறைந்தார். தமிழ்த் தொழிலாளர் வாழும் மலையகத்தில், பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் உறங்குகிறார்.

நம் நாட்டிலும் உம்ராவ் சிங் ஷெர்கில் தம் இரு பெண்மக்களைக் குழந்தைப் பருவம் முதலே தம் கையால் படமெடுத்து வந்தார். மூத்தவரே ஓவியர் அம்ரிதா ஷெர்கில். 1941இல் இருபத்தெட்டே வயதில் அம்ரிதா மறைந்தபின், அந்தத் தந்தையிடம் மகளின் ஒவ்வொரு வயதும் முகமாக இருந்தது. இதனை எண்ணும்போதெல்லாம் என் தந்தையாரை எண்ணிக் கொள்கிறேன்.

பெரியோர் சிலர்க்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். அதை அலட்சியம் செய்தல் முறையன்று. உருவம் ஆக்குதல் இறைவனின் படைப்போடு போட்டியிடுவதாகுமோ என்ற அச்சம் மார்க்க அறிஞரிடையே நெடிது ஆராயப்பட்டது. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத், கேமராவால் எடுக்கும் படம் புதிதாக ஒன்றைப் படைப்பதன்று, விழுந்த நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று விளக்கினார். மாற்றுக் கருத்துடைய அறிஞரும் உளர். தமிழில் நாம் இதனைப் ‘புகைப்படம்’ என்றும் ‘ஒளிப்படம்’ என்றும் வழங்குவதோடு, ‘நிழற்படம்’ என்றும் வழங்குவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! படமே வேண்டாம் எனும் இல்லத்தாரின் முடிவை மதிப்போம். எடுப்பது என்று துணிந்த இல்லத்தார்க்கே நான் எழுதுகிறேன்.

கண்ணேறு பற்றிய அச்சம் இன்னொன்று. கன்னத்தில் கரும்பொட்டு இட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று பாட்டிமார் கூறின் இடட்டும். அந்தப் பொட்டும் அம்முகத்தின் வரலாறே. எனக்குப் பொறாதது பவுடர். மாநிறக் கன்னத்தில் வெண்மாவைப் பூசிச் சாம்பல் நிறமாக்கி, ‘இப்போது எடு’ என்கிறோம். மேலை நாட்டு வண்ணச் சுருள்கள் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் படத்தை அளவுகோலாக வைத்தே சீர்செய்யப்பட்டன என்பது பலர் அறிந்த செய்தி. அவர்கள் செய்ததை விடுங்கள். நம் வீட்டுப் பிள்ளையின் நிறத்தை நாமே அழிப்பதற்கு என்ன பெயர்? இன்று கைபேசி ஒரு தொடுதலில் முகத்தை வெளுக்கச் செய்கிறது, மூக்கைக் கூராக்குகிறது, மருவை அழிக்கிறது. ஸ்டுடியோ ஓவியர் என் தங்கைக்கு அன்று செய்ததை, உயிரோடு விளையாடும் பிள்ளைக்கு இன்று வலிந்து செய்துகொள்கிறோம்.

இப்போது வறுமை வேறு வகையானது. பன்னிரண்டு படங்களுக்குப் பதில் பன்னிரண்டாயிரம் இருக்கின்றன. கைபேசி தொலைந்தாலோ நீரில் விழுந்தாலோ அவ்வளவும் போயின. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரசு நீல நிற ஆதார் அட்டை தருகிறது. விரல் ரேகையும் விழித்திரளும் அவ்வயதில் எடுப்பதில்லை. முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். கல்வராயன் மலைச் சிற்றூர் தொட்டு இவ்வூர்க் கடைவீதி வரை, எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாளில் கிடைத்த ஒரே முகப்படம் அதுதானோ என்று எனக்கு ஐயம். அடையாளம் காண அரசு எடுத்த முகம் வேறு. அருமை தெரிந்தவர் எடுத்த முகம் வேறு.

எங்கே எடுப்பது? திருக்கோவிலூர்க்காரனாகிய எனக்கு விடை எளிது. பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் முதலாழ்வார் மூவரும் மழை இரவில் ஒதுங்கிச் சந்தித்த இடம் இவ்வூரின் ஓர் இடைகழி என்பர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே உடையது. அந்த இடைகழிதான் பேச்சுவழக்கில் ‘ரேழி’ ஆயிற்று. பழைய வீட்டில் தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய வழியில், காலை ஒன்பது மணியளவில் வெயில் உள்ளே வராது. வெளிச்சம் மட்டும் வாசல் வழியே ஒரு பக்கமாக நுழையும். குழந்தையை அங்கே விடுங்கள். கன்னத்தின் ஒரு புறம் ஒளிரும், மறுபுறம் மெல்ல இருளும். முகத்துக்கு உருவம் தருவது இந்த இருளே. பளிச்சென்று அடிக்கும் ஃபிளாஷ் இதனைக் கொன்றுவிடும். ரேழி இல்லாத வீட்டில் சன்னல் ஓரம் போதும்.

நாம் தரையில் அமர வேண்டும். வேண்டுமானால் படுக்கவும் வேண்டும். நம் கண் குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்தாலன்றி அது உச்சந்தலைப் படமாகவே முடியும். நெருங்க வேண்டும் என்றதும் கைபேசியை மூக்கருகே கொண்டு செல்வார் உண்டு. அகன்ற பார்வையுடைய அந்த லென்சு அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தள்ளி இருப்பதைச் சிறிதாகவும் காட்டும். மூக்கு உப்பிக் காது ஒடுங்கும். மூன்று நான்கடி தள்ளி அமர்ந்து, இரண்டு மடங்கு உருப்பெருக்கம் வைத்து எடுத்தால் முகம் முகமாக இருக்கும். நமக்கு அண்மையில் உள்ள கண் தெளிவாக விழுந்தால் போதும். மற்றவை மங்கினாலும் கேடில்லை.

‘சிரி, சிரி’ என்று வற்புறுத்தாதீர்கள். கையில் ஒரு வேர்க்கடலைத் தோலையோ வளையலையோ கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஒன்றைக் கூர்ந்து நோக்கும் பிள்ளையின் முகத்தில் உள்ள பெருந்தன்மை பெரியோரிடமும் காண்பதரிது. அழுகிற முகத்தையும் ஒன்று எடுத்து வைக்கலாம். ஆனால் அழவைத்து எடுத்துப் பிறர்க்குக் காட்டிச் சிரிப்பது கொடுமை.

காட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். எடுத்த மறுகணமே ஊரறிய வெளியிடும் வழக்கம் இளம் பெற்றோரிடம் மிகுந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர் பற்றிய செய்திகளை நிறுவனங்கள் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோரே கொண்டுபோய் நாற்சந்தியில் வைத்துவிட்டால் சட்டம் என் செய்யும்? பள்ளிச் சீருடையோடும் வீட்டு வாசலோடும் வெளியாகும் முகம், யார் கையில் எதற்குப் பயன்படும் என்பதை நாம் அறியோம். பத்து ஆண்டு கழித்து அப்பிள்ளை வளர்ந்து, ‘என்னைக் கேட்டீர்களா?’ என்று வினவினால் சொல்வதற்கு விடை வேண்டும்.

ஆகவே என் கருத்து மிகச் சிறியது. ஆண்டுக்கு நான்கைந்து முகப்படங்கள், வீட்டாரே எடுத்தவை, தாளில் அச்சிட்டவை, பின்புறம் பென்சிலால் பெயரும் நாளும் எழுதியவை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று, எஞ்சிய கண்ணாடித் தகடுகளையும் படங்களையும் எண்ணிம வடிவில் காத்துவைத்தது. பெயரும் நாளும் எழுதப்படாத முகம் ஆய்வாளருக்கு அரும்பொருள்; உறவினர்க்கு அயலார்.

சென்ற ஆண்டு என் அண்ணன் பேத்தியை எங்கள் பழைய வீட்டு ரேழியில் வைத்து இவ்வாறு ஒரு படம் எடுத்தேன். அவள் ஒரு வெண்டைக்காயின் காம்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அஞ்சலட்டையினும் சற்றுப் பெரிதாக அச்சிட்டு அன்னையாரிடம் கொடுத்தேன். எண்பத்தேழு வயது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தம் தகரப் பெட்டியைத் திறந்து, 1972ஆம் ஆண்டுப் படம் இருக்கும் உறையிலேயே இதையும் வைத்தார். “நெற்றி அவளுதுதான்” என்று மட்டும் சொன்னார்.