முனைவர் பட்டச் சேர்க்கை: நேர்முகத் தேர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

முனைவர் பட்டச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு உள்ள 30 விழுக்காட்டு மதிப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதில் போடப்படும் மதிப்பெண்களை வெளியிட வேண்டும். ஆய்வு மாணவர் அமைப்பாக இதுவே எங்கள் நிலைப்பாடு.

பின்னணி

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிமுறைகள் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, இடத்தை முடிவுசெய்யும் அதிகாரம் முழுவதையும் நேர்முகத்திடம் ஒப்படைத்தன. அது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 2022 விதிமுறைகள் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று வகுத்தன. 2024 முதல் தேசியத் தகுதித் தேர்வு (நெட்) மதிப்பெண் வழியான சேர்க்கைக்கும் இதே கணக்குதான். இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற்றவர்களுக்கோ நேர்முகம் மட்டுமே.

30 மதிப்பெண் சிறிய அளவல்ல. எழுத்துத் தேர்வில் 50 எடுத்தவருக்கு நேர்முகத்தில் 8 போட்டால் மொத்தம் 58. எழுத்தில் 40 எடுத்தவருக்கு 25 போட்டால் 65. இரண்டு மூன்று இடங்களே உள்ள துறையில், சில நிமிடப் பேச்சு பல மாதப் படிப்பைக் கவிழ்த்துவிடும்.

நேர்முகத்தில் பாகுபாடு நடக்கிறது என்பது வெறும் சந்தேகமல்ல. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நாஃபே குழு 2016-ல் சேர்க்கை மதிப்பெண்களை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் இடையே மதிப்பெண் வேறுபடும் விதம் பாகுபாட்டைக் காட்டுகிறது என்று கூறி, நேர்முக மதிப்பெண்ணை 30-லிருந்து 15 ஆக்கப் பரிந்துரைத்தது.

தமிழ்வழியில் எம்.ஏ. வரலாறு படித்த முதல் தலைமுறைப் பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். நெட் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. அதைத் தாண்டி வந்தால் நேர்முகக் கேள்விகளும் ஆங்கிலத்தில். ஊர்க் கோயில் கல்வெட்டை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர், ஆய்வுத் தலைப்பை ஆங்கிலத்தில் விளக்கும்போது திணறுகிறார். குறைவது அவரது ஆய்வுத் திறனுக்கான மதிப்பெண்.

நேர்முகமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பல ஆண்டுகள் உடன் உழைக்கப் போகிற மாணவரை நெறியாளர் நேரில் பார்த்துப் பேச விரும்புவது நியாயமே. ஆனால் எந்தக் கேள்விக்கு என்ன மதிப்பெண் என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அறையில் அந்த விருப்பம் சிபாரிசுக்கும் சாதிக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இட ஒதுக்கீடு என்பது சட்டம். ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியால் அந்த இடங்களைக் காலியாக்கிவிட முடிகிறது.

எங்கள் கோரிக்கைகள்

1. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கும் நெட் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2. நேர்முகக் குழுவுக்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண் தெரியக் கூடாது. உறுப்பினர்கள் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும்.

3. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழில் பதில் சொல்லும் உரிமை வேண்டும். நெட் தாள்கள் தமிழிலும் வர வேண்டும்.

4. ஒதுக்கீட்டு இடம் நிரப்பப்படாவிட்டால் காரணத்தை எழுத்தில் வெளியிட்டு, இடத்தை அடுத்த சேர்க்கைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

5. எழுத்து, நேர்முக மதிப்பெண்களைத் தனித்தனியே காட்டித் தேர்வுப் பட்டியல் வெளியிட வேண்டும்.

விகிதத்தை மாற்ற யு.ஜி.சி. முன்வர வேண்டும். மதிப்பெண்ணை வெளியிடப் பல்கலைக்கழகம் மனம் வைத்தாலே போதும். துணைவேந்தர்கள் அதை இந்த ஆண்டுச் சேர்க்கையிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.