வாசலில் நனையும் நெல்

குறுவை களத்துக்கு வருவது புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஐப்பசியில். தஞ்சைத் தரணி தலைமுறை தலைமுறையாக அறிந்த கணக்கு இது. ஆனாலும் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைகிறது, முளைக்கிறது, கறுக்கிறது. கேட்டால், 'இயற்கையின் சீற்றம்' என்கிறார்கள். மாதம் தவறாமல் வருகிற மழையா சீற்றம்?

நெல்லில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேல் கூடாது என்பது கொள்முதல் விதி. விதியே வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. ஈரநெல்லைக் குவித்தால் சூடேறும், பூசணம் பிடிக்கும். 22 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல், 17-க்குக் காய்ந்தால் 94 கிலோதான் நிற்கும். இந்தக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, அந்த நெல்லைக் காயவைக்க இடம் எங்கே என்ற கணக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

அன்று அரிவாளால் அறுத்தார்கள். அடித்து, தூற்றி, உலர்த்தி, குதிரிலும் பத்தாயத்திலும் கொட்டினார்கள். இன்று அறுவடை இயந்திரம் சில நாட்களில் ஊர் வயல் முழுவதையும் ஈரநெல்லாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அறுக்க இயந்திரம் வந்தது. உலர்த்த ஊருக்கு ஊர் வந்ததா? தார்ச்சாலையே களம், படுதாவே கூரை!

சம்பா அறுவடையிலும் இதே கதைதான். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழை பெய்தது. மத்தியக் குழு வந்து பார்த்த பிறகே, 20 வரை ஈரம் இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். கடிதம் போய் ஆணை வரும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்குமா?

தோழர்களே! நோயின் வேர் எது? எடைத்தட்டில் ஏறும்வரை நெல் உழவனுடையது. சாக்கு வராவிட்டாலும், லாரி வராவிட்டாலும், கிடங்கு நிரம்பிவிட்டாலும் நட்டம் அவன் தலையில்தான். எடை நின்றால் சிப்பம் தூக்கும் தொழிலாளியின் கூலியும் நிற்கிறது. தாமதத்தால் அடிபடுவோர் இந்த இருவரே. இவர்களை மோதவிட்டு எவரும் வேடிக்கை பார்க்க இடம் கொடாதீர்கள்!

இந்திய உணவுக் கழகம் 1965-இல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த ஊர் தஞ்சை. அங்கிருந்தே மாற்றமும் தொடங்கட்டும். நிலையந்தோறும் கூரையிட்ட களம் வேண்டும். உலர்த்தும் இயந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெல் வாசலுக்கு வந்த அன்றே ஈரமும் தேதியும் குறித்த சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுத்தபின் நனைந்தால் நட்டம் நிலையத்தைச் சேரட்டும். அப்போது பாருங்கள், சாக்கும் வரும், லாரியும் வரும், கூரையும் தானே எழும்பும்!