கதவைச் சீவுமுன்

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை என் தாயார் தம் அறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். அவருக்கு வயது 80. ஈரத்தில் கதவு நிலையோடு இறுகிவிட்டது. உள்ளிருந்து இழுக்க அவர் கைகளில் வலுவில்லை. நாங்கள் வெளியிலிருந்து தோள் கொடுத்துத் தள்ளித் திறப்பதற்குள் கால் மணி நேரம் ஆயிற்று. "பதறாதேடா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார் அம்மா. ஆனால் அவர் விரல்கள் நடுங்குவதை நான் கண்டேன்.

அன்று மாலையே ரம்பத்தை எடுத்துக்கொண்டேன். பௌதிகத்தில் பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு அதைப் போதித்தும் வருபவனுக்கு ஒரு கதவை அறுப்பது பெரிய வித்தையா? கதவின் அடிப்பாகம் தரையில் உரசுவதைக் கண்டு, விரிப்புக்கும் இடம் இருக்கட்டும் என்று தாராளமாக ஒன்றரை அங்குலம் அறுத்துத் தள்ளினேன். அறுத்த இடத்தைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். உள்ளே மரமே இல்லை! இரு புறமும் மெல்லிய ஒட்டுப்பலகை; நடுவே தேன்கூடு போன்ற காகித அட்டை; மற்றதெல்லாம் காற்று.

இவ்வகைப் பிளஷ் கதவுகளில் நான்கு ஓரங்களிலும் ஓடும் ஒடுக்கமான சட்டமும், பூட்டுக்காக ஒரு பக்கத்தில் வைத்த கட்டையுமே மரம். பல கதவுகளில் அச்சட்டம் ஏறத்தாழ ஓர் அங்குல அகலமே இருக்கும். தேக்குக் கதவை எங்கே அறுத்தாலும் மரம். இதற்கோ ஓரத்தில்தான் உயிர். வாங்கும்போதே விசாரிப்பது நலம். இந்தியத் தர நிர்ணயத்தில் இவ்வகைக்கு ஐ.எஸ். 2191, உள்ளே மரம் நிறைந்த வகைக்கு ஐ.எஸ். 2202.

மறுநாள் வந்த முதிய தச்சர் நான் அறுத்த இடத்தைப் பார்க்கவில்லை. மேல் கீலைத்தான் பார்த்தார். "வாத்தியார் ஐயா, இது பருத்தது கொஞ்சம், தொங்கினது அதிகம்" என்றார். உண்மைதான். மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்ததால் பூட்டுப் பக்கத்து மேல் மூலை நிலையில் இடித்தது. கீழ் மூலை தரையில் இழுபட்டது. நீளமான திருகாணிகளை முடுக்கியவுடன் பாதித் தொல்லை தீர்ந்தது. ரம்பத்துக்கு வேலையே இருந்திருக்காது!

என் பிழையையும் அவர் திருத்தினார். நான் வெட்டி எறிந்த துண்டிலிருந்து ஒட்டுப்பலகையை உளியால் உரித்துச் சட்டத்தை மட்டும் எடுத்தார். கதவின் அடியில் அட்டையைச் சுரண்டி, மரப்பசை தடவி, அச்சட்டத்தை உள்ளே செருகி, இரவு முழுதும் இறுக்கி வைத்தார். ஆகையால், வெட்டிய துண்டை எறிந்துவிடாதீர்கள்.

அவரிடம் கற்ற மற்றவை இவை. மேலும் பக்கங்களிலும் ஒரு நூல், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், இடைவெளி போதும். அடியில் அரை அங்குலம் விடலாம். அறுக்குமுன் கோட்டின்மீது கூரிய கத்தியால் அழுத்திக் கீறினால் மேற்பலகை சிம்பு சிம்பாகப் பெயராது. ரம்பம் நெருங்கிய பற்கள் உடையதாக இருக்கட்டும். அடி ஓரத்தை இழைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். இல்லையேல் முனை பிளக்கும். பூட்டுப் பக்கத்தில், மூடும்போது நிலைக்குள் முதலில் நுழையும் முகத்தை அரை நூல் அதிகம் சீவினால் கதவு இடியாமல் மூடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் பருக்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. மழையில் மிகுதியாகச் சீவினால் சித்திரையில் இடுக்குத் தெரியும். ஆதலால் மழைநாளில் உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கதவு உலர்ந்தபின் சிறிது சிறிதாகச் சீவுக. சீவிய ஓரங்களுக்கு வர்ணமோ வார்னிஷோ இருமுறை பூசவேண்டும். எவர் கண்ணிலும் படாத மேல் ஓரத்தையும் அடி ஓரத்தையும் பூசாமல் விடுவதே வழக்கம். ஈரம் புகுவதும் அவ்வழியேதான்.

இப்போது அம்மா அக்கதவை ஒரு விரலால் திறக்கிறார். முதியோர் உள்ள வீட்டார் அடுத்த மழைக்குமுன் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வோர் அறையின் கதவையும் அவர்களையே உள்ளிருந்து திறக்கச் சொல்லிப் பாருங்கள். நம் கைக்கு எளிதாய்த் திறப்பது அவர்கள் கைக்கும் திறக்கும் என்று நான் எண்ணியிருந்ததே என் முதற்பிழை.