பங்குக்கு வட்டி உண்டா?

"பங்கு வாங்கினால் மாதம் எவ்வளவு வட்டி வரும்?"

பலர் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வியே தவறு. பங்குக்கு வட்டி கிடையாது!

பாங்கியில் பணம் போட்டால், அது பாங்கிக்குக் கொடுத்த கடன். குறித்த நாளில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும். பாங்கி முழுகினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. 2020-ம் ஆண்டு முதல் இந்த ஏற்பாடு.

பங்கு அப்படி அல்ல. அது கூட்டு வியாபாரம்.

எண்ணெய்ச் செக்கு

நான்கு பேர் ஆளுக்கு 25 ஆயிரம் ரூபாய் போட்டு எண்ணெய்ச் செக்கு வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் செக்கில் கால் பங்கு சொந்தம். லாபம் வந்தால் அதிலும் கால் பங்கு. எள் விலை ஏறி நஷ்டம் வந்தால்? கையைப் பிசைய வேண்டியதுதான்.

கம்பெனியும் இதுதான். நான்கு பேருக்குப் பதிலாக லட்சக்கணக்கான பேர். லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுப்பது "டிவிடெண்டு". கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் இருப்பார்கள். கம்பெனி திவால் ஆனால், தொழிலாளரும் கடன் கொடுத்தவர்களும் எடுத்துக் கொண்டது போக மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. ஒரே ஆறுதல்: போட்ட பணம்தான் போகும். கம்பெனியின் கடனுக்காக அவர் வீட்டை ஜப்தி செய்ய வரமாட்டார்கள்!

எந்தப் பணம்?

அதற்காகப் பங்கே வேண்டாம் என்பது சரியல்ல. நல்ல தொழில் வளரும்போது பங்கின் விலையும் வளர்கிறது. எந்தப் பணத்தைப் போடுவது என்பதுதான் விஷயம்.

மும்பைப் பங்குச் சந்தையில் 30 பெரிய கம்பெனிகளின் விலையைக் காட்டும் கணக்குக்கு "சென்செக்ஸ்" என்று பெயர். 2008 ஜனவரியில் அது 21 ஆயிரத்தைத் தொட்டது. அக்டோபரில் 9 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது! ஜனவரியில் அந்த 30 கம்பெனிகளிலும் பணம் போட்டவர், அக்டோபரில் மகள் கல்யாணத்துக்காக விற்றிருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். காத்திருக்க முடிந்தவருக்கு 2010 நவம்பரில் பழைய விலை திரும்பிவிட்டது.

கல்யாணப் பணம், பள்ளிக்கூடச் சம்பளம், வைத்தியச் செலவு, இவற்றைச் சந்தைப் பக்கமே கொண்டு போகக்கூடாது. ஐந்தாறு வருஷம் கண்ணில் படாவிட்டாலும் குடும்பம் நடக்கும் என்றால், அந்தப் பணத்தைப் போடலாம். அதையும் ஒரே கம்பெனியில் கொட்டக்கூடாது. 2009 ஜனவரி 7-ந் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர், கணக்கில் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கின் விலையில் முக்கால் பாகம் போயிற்று.

யோசனை சொல்ல ஆட்கள் நிறைய. "நாளைக்கு இது ஏறும்" என்பார்கள். ஏறுவது நிச்சயம் என்றால், அவர் தானே வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாரே!

பந்தயம்

செல்போனில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் வேறு ஆட்டம். பங்கை வாங்காமலே, அதன் விலை ஏறுமா இறங்குமா என்று கட்டும் பேரம். "எப் அண்ட் ஓ" என்பார்கள். சந்தையைக் கண்காணிக்கும் "செபி" 2024-ல் கணக்குப் பார்த்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இதில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம்! தலைக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய்.

"பங்குதான் வாங்குகிறேன்" என்று பிள்ளை சொன்னால், அப்பா விடக்கூடாது. "பங்கா, எப் அண்ட் ஓவா?" என்று கேட்டு, செல்போனை வாங்கிப் பார்க்க வேண்டும்.