பிரசவ வலியைப் பொறுத்தே ஆகணுமா?

1853 ஏப்ரல் 7, பக்கிங்காம் அரண்மனை. எட்டாவது பிரசவத்தில் இருந்த விக்டோரியா மகாராணிக்கு, கைக்குட்டையில் குளோரோஃபார்ம் விட்டு முகரக் கொடுத்தார் டாக்டர் ஜான் ஸ்னோ. (காலரா குடிநீரில் பரவுகிறது என்று காட்டினாரே, அவரேதான்.)

ஆறு வருஷம் முன்பு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் இதைத் தொடங்கியபோது, 'பிரசவ வேதனை கடவுள் விதித்தது' என்று எதிர்ப்பு வந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்முன் கடவுளே அவனைத் தூங்க வைத்தாரே என்று பைபிளைக் காட்டியே பதில் சொன்னார் சிம்சன். மகாராணியே முகர்ந்த பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

குளோரோஃபார்மால் உயிர்களும் போயின. அந்தப் பயம் நியாயம். இன்றைய எபிடியூரல் பற்றியும் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் லேபர் வார்டில் காதில் விழுவது வேறு: "இதைக்கூடத் தாங்க மாட்டியா? நாங்கல்லாம் பெத்துக்கலையா?" கிட்னியில் கல் என்று துடிப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.