கல்குதிரைக்கு லாடம் வேண்டாம்

மார்க்கோ போலோவை ஏசுவது நம்மில் பலருக்கு நெடுநாளையப் பொழுதுபோக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய அந்த வெனிஸ்காரர், இங்குள்ள அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சுவதாகவும் எழுதிவைத்தார். பேணத் தெரிந்தவர் இங்கில்லை, லாடக்காரர் எவரும் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் சொன்னார். அந்நியனின் அவதூறு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயிட்ட தானியம், காய்ச்சிய பசும்பால் என்று நம் லாயத்துச் சமையலை விவரித்திருக்கிறார். தட்பவெப்பத்துக்கும் இதில் பங்குண்டுதான். என்றாலும் இருவரும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொன்னார்கள் என்று வாதிட எங்களுக்குத் துணிவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களான எங்களுக்குக் குதிரைப் பெருமை கொஞ்சம் அதிகம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகின்றன. வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் முன்னங்கால்களை உயர்த்திப் பாயும் விஜயநகரக் காலத்துக் கல்குதிரைகளைக் காட்டாமல் வெளியூர் நண்பர் எவரையும் நாங்கள் பேருந்து ஏற்றியதில்லை. சிற்பத்தில் அந்தக் கோலம் வீரம். தெருவில் ஒரு குதிரை அப்படி எழுந்தால் பெரும்பாலும் அச்சம், அல்லது வலி. இந்த வேறுபாட்டை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அண்மையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சரிகைத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரை. முன்னால் பேண்டு வாத்தியம், இருபுறமும் சரவெடி. குதிரை ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மாற்றி மாற்றி வைத்தது. ஆடுகிறது என்று கூட்டம் கைதட்டியது, நாங்களும் தட்டினோம். உடன் வந்த கால்நடை மருத்துவ நண்பர்தான் அது நொண்டுகிறது என்றார். கயிற்றைப் பிடித்திருந்த சிறுவன் அதைத் தன் கையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். குதிரை மிரண்டு ஓடினால் அவன் விரல்கள் போகும், அல்லது அவனே இழுபட்டுப் போவான். குழந்தைகள் குதிரையின் வாலுக்குப் பின்னால் நின்றார்கள். கண்கள் பக்கவாட்டில் அமைந்த பிராணி அது. தனக்கு நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. தெரியாததை அது உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுகவேண்டும் என்பது அரிச்சுவடி. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் விரல் நுனியால் கண்டுபிடித்துவிடும் ஊர் இது. ஒரு குளம்பைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பழியைக் குதிரைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது எளிது. முகூர்த்த நாளுக்கு முகூர்த்த நாள் பிழைப்பவர் அவர். எங்கள் சண்டை, பேரம் பேசி அவர் கூலியைக் குறைப்பவர்களோடும், கௌரவத்துக்காகக் குதிரை வாங்கி வீட்டு முன் கட்டிவைக்கும் புதுப்பணக்காரர்களோடும்தான். மாட்டைப் போலத்தானே என்கிறார்கள். இல்லை ஐயா. மாடு அசைபோடும், குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் புல் தின்னப் பிறந்ததற்கு, ஒரே வேளையில் கூடை நிறையத் தானியம் வைத்தால் வயிற்றுவலியில் புரண்டு செத்தும் போகும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைப் பிறாண்டிப் படுத்தெழுந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். அரிசி ஆலைத் தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று அதையே கொட்டுகிறோம். அதில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. நாளடைவில் எலும்பு வலுவிழந்து முகம் வீங்கும். தண்ணீர் நாளொன்றுக்கு 25 லிட்டராவது வேண்டும், நம் கோடையில் இன்னும் கூடுதலாக. தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து செதுக்கவேண்டும். ஆணி குத்தினால் ரணஜன்னி எளிதில் பற்றும் பிராணி இது. அதற்கான தடுப்பூசியைக் கேள்விப்பட்ட உரிமையாளர்கள் எத்தனை பேர்?

மரபு என்று வாதிடுவோர் வருவார்கள், தெரியும். அரசர்கள் காலத்திலேயே குதிரைகள் மடிந்தன என்பதும் மரபுதானே! 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டியதைச் செய்தாகவேண்டும் என்கிறது. வாடகைக்குக் குதிரை எடுப்பவரும் ஊர்வலம் முடியும்வரையேனும் அந்தப் பொறுப்பில் பங்கேற்கவேண்டும் என்பது எங்கள் கட்சி. முகூர்த்தப் பட்டுக்குக் கொடுக்கும் விலையோடு பார்த்தால் லாடக்காரர் கூலி ஒரு பொருட்டேயல்ல. அடுத்த முறை குதிரை பேசும்போது வெடியை நிறுத்துங்கள். முன்பணம் கொடுக்குமுன் நான்கு குளம்புகளையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் மாப்பிள்ளை நடந்தே வரட்டும்.