சிலிண்டர் திரும்பிப் போகுது, பம்பர்ஸ் போறதில்லை

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கு வாற படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சோடாப் பெட்டியோடு பம்பர்ஸ் பொதியும் வருது. சிலிண்டர் வெறுமையானால் திரும்பிப் போகும். பம்பர்ஸ் வேலிக்கரையிலும் வடலிக்குள்ளும் கிடக்கும், நாய் இழுத்துக்கொண்டு திரியும்.

2021 மார்ச் 31 முதல் இலங்கையில் பிளாஸ்டிக் தண்டுள்ள கொட்டன் பட்ஸ் தடை (மருத்துவத் தேவைக்கு மட்டும் விலக்கு). சின்ன சஷே பைக்கற்றுகள், காற்றூதுற விளையாட்டுப் பொருட்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. காது கிண்டுற தண்டைக் கண்ட சட்டத்துக்கு, ஒரு பிள்ளை நாளுக்கு ஐந்தாறு கழிக்கிற பம்பர்ஸ் கண்ணில் படவில்லை.

அதுவும் பிளாஸ்டிக்தான். உள்ளே ஈரத்தை உறிஞ்சிப் பிடிக்கிற ஜெல். நனைந்தது லேசில் எரியாது, அரைகுறையாகப் புகையும். அதனால் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுகிறோம். எங்கடை தீவுகளுக்கு அடியில் இருக்கிறது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். அது மணல் மாதிரி அழுக்கை வடிக்காது. உப்புத்தண்ணிக்கு மேலே மெல்லிசாக மிதக்கிற நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். 'பச்சைப்பிள்ளையின்ரை மலத்தில் என்ன கிருமி' எண்டு ஊரில் சொல்லுவினம். செங்கண்மாரி ஏ வைரசு தொற்றின சின்னப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் நோய்க்குறியே தெரியாது. மலத்தோடு வைரசு போய்க்கொண்டிருக்கும்.

அதே கிடங்குக்குள்தான் சலரோகக்காரரின் இன்சுலின் ஊசியும். ஆஸ்பத்திரியில் தொற்றுக் கழிவுக்கு மஞ்சள் பை, ஊசிக்குத் தனியாகக் கெட்டிப் பெட்டி. ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2008 இலேயே வந்துவிட்டது. அதே ஊசி வீட்டில் குத்தப்பட்டால் வெறும் குப்பை. வெறுங்காலோடு விளையாடுற பிள்ளைக்கு அது ஆஸ்பத்திரி ஊசியா வீட்டு ஊசியா எண்டது தெரியப் போறதில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்த குப்பைக் கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் இருக்கு எண்டு சுங்கம் சொன்னபோது நாடே கொதித்தது. வழக்குப் போட்டு, 263 கொள்கலன்களையும் 2022 பெப்ரவரிக்குள் திருப்பி அனுப்பினோம். நல்ல காரியம். கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு நியாயம் எண்டால் எழுவைதீவு இறங்குதுறைக்கும் அதே நியாயம்தானே?

'துணிக்கு மாறுங்கோ' எண்டு தாய்மாருக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு மனமில்லை. சொல்லுறவை முதலில் நல்ல தண்ணி சுமந்து, அந்தத் துணியைத் தோய்ச்சுப் பாக்கட்டும். பகலில் துணி, இரவில் பம்பர்ஸ் எண்டு சமாளிக்கிற வீடுகள் ஏற்கெனவே கனக்க இருக்கு.

நாங்கள் கேட்கிறது, இறங்குதுறையில் மூடியுள்ள தொட்டி ரெண்டு. நிரம்பினதை வாரம் ஒருக்கால் படகில் ஊர்காவற்றுறைக்கு ஏற்றவேணும். செலவில் ஒரு பங்கை இறக்குமதி செய்து விற்கிறவை தரவேணும். ஊசிகளைக் கிளினிக்கில் வாங்கி, ஆஸ்பத்திரி ஊசிகளோடு அனுப்பவேணும். தொட்டி வரும்வரைக்கும் மலத்தைக் கக்கூசுக்குள் கொட்டிவிட்டுப் பம்பர்ஸைச் சுருட்டிக் கட்டலாம். ஊசியைத் தடிச்ச பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். கழுவின ஹார்பிக் போத்தல் போதும்.